டி-யில் போட்டால் போதுமா?

கிளட்ச்சை மிதிக்க வேண்டியதில்லை. கியர்க் கோலோடு போராட வேண்டியதில்லை. பி, ஆர், என், டி என்ற நான்கு எழுத்துகளைத் தெரிந்து வைத்திருந்தால் போதும், மகிழுந்து ஓடிவிடும். இன்று மலேசியாவில் விற்பனையாகும் புதிய மகிழுந்துகளுள் மிகப் பெரும்பாலானவை தானியங்கி கியர் கொண்டவையே. தானியங்கி மகிழுந்தை மட்டும் ஓட்டுவதற்கென ‘டி.ஏ.’ என்ற தனி ஓட்டுநர் உரிமமும் இங்கு உண்டு. ஆக, கியர் மாற்றுவது என்றால் என்னவென்றே அறியாமல் ஓட்டுநர்களாகிவிட்ட தலைமுறை நம்முடையது.

அதில் தவறொன்றும் இல்லை. ஆனால், நாம் செய்யாத அந்த வேலையை யாரோ செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். எப்போது எந்தக் கியர் வேண்டும் என்ற முடிவை ஒவ்வொரு கணமும் கியர்பெட்டி நமக்காக எடுத்துக்கொண்டிருக்கிறது.

“மலை ஏறும்போது காடி இப்படிக் கத்துதே, கியர்பாக்ஸ் போச்சா?” என்று பின்னிருக்கையிலிருந்து அத்தையோ பெரியம்மாவோ கேட்பதை நம்மில் பலர் கேட்டிருப்போம். அதே மகிழுந்து மலையிறங்கும்போது பூனைபோல் ஓசையின்றி இறங்கும். அப்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. உண்மையில், கேட்க வேண்டிய இடம் அதுதான். தானியங்கி கியர்பெட்டி கத்தும்போது பெரும்பாலும் சரியான முடிவையே எடுத்திருக்கிறது. அது அமைதியாக இருக்கும்போதுதான் சில வேளைகளில் தவறான முடிவை எடுக்கிறது. இது ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே வேகம், நான்கு வழிகள்

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு சிறிய மகிழுந்தின் சக்கரம் ஒரு முறை சுழன்றால் வண்டி ஏறக்குறைய 1.8 மீட்டர் நகரும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்பது நிமிடத்திற்கு 1,000 மீட்டர். ஆகவே சக்கரம் நிமிடத்திற்கு ஏறக்குறைய 555 முறை சுழல வேண்டும்.

இயந்திரத்திற்கும் சக்கரத்திற்கும் இடையில் இரண்டு கட்டப் பற்சக்கரங்கள் உள்ளன. ஒன்று எப்போதும் மாறாதது. அதன் விகிதம் 4 என்று கொள்வோம். மற்றொன்று நாம் கியர் என்று சொல்லும் மாறும் பகுதி. நான்கு கியர் கொண்ட ஒரு சாதாரணத் தானியங்கிப் பெட்டியில் அவ்விகிதங்கள் ஏறக்குறைய 2.7, 1.5, 1, 0.7 என்று இருக்கும். பெருக்கிப் பார்த்தால், மணிக்கு 60 கிலோமீட்டரில் இயந்திரத்தின் சுழற்சி முதல் கியரில் நிமிடத்திற்கு 6,000 சுற்று, இரண்டாவதில் 3,300, மூன்றாவதில் 2,200, நான்காவதில் 1,550.

சாலையில் செல்லும் வேகம் ஒன்றுதான். ஆனால் இயந்திரம் அலறிக்கொண்டும் ஓடலாம், முணுமுணுத்துக்கொண்டும் ஓடலாம். மிதிவண்டியில் சிறிய கியரில் வேகவேகமாக மிதிப்பதற்கும், பெரிய கியரில் நிதானமாக ஆனால் அழுத்தி மிதிப்பதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. சமதரையில் நிதானமாகச் செல்லும்போது கியர்பெட்டி தயங்காமல் அந்த 1,550 சுற்றைத்தான் தேர்ந்தெடுக்கும். காரணம் என்ன?

மெதுவான சுழற்சி ஏன் சிக்கனம்?

ஒரு டன் எடையுள்ள சிறிய மகிழுந்து சமதரையில் மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்ல, காற்றின் எதிர்ப்பையும் டயரின் உராய்வையும் வெல்ல, ஏறக்குறைய 4 கிலோவாட் ஆற்றல் போதும். இயந்திரமோ 60 கிலோவாட்டுக்கு மேல் தரவல்லது. அதாவது, அதன் திறனில் பதினைந்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படுவதில்லை.

இங்கேதான் பெட்ரோல் இயந்திரத்தின் பலவீனம் வெளிப்படுகிறது. அது குறைவான ஆற்றலைத் தர வேண்டுமானால், காற்று நுழையும் வழியில் உள்ள த்ராட்டில் என்னும் மூடிதழை ஏறக்குறைய மூடிக்கொள்ள வேண்டும். மூடிய வழியாகக் காற்றை உறிஞ்சுவதற்கே இயந்திரம் பாடுபட வேண்டியுள்ளது. உறிஞ்சுகுழாயின் வாயை விரலால் பாதி அடைத்துக்கொண்டு தேநீர் குடித்துப் பாருங்கள். அந்தச் சிரமம்தான் இது. இதோடு, ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன்களும் தாங்கிகளும் உராய்ந்து ஆற்றலைத் தின்கின்றன. சுற்று கூடக்கூட இந்த வீண்செலவும் கூடும்.

ஆகவே, அதே 4 கிலோவாட்டை 3,300 சுற்றில் மூடிதழை இறுக்கி மூடிக்கொண்டு தருவதைவிட, 1,550 சுற்றில் மூடிதழைச் சற்று அதிகமாகத் திறந்துகொண்டு தருவது மேல். உராய்வும் குறையும், உறிஞ்சும் சிரமமும் குறையும், பெட்ரோலும் மிஞ்சும். எனவேதான், “எந்தக் கியர்?” என்ற கேள்விக்குப் பொறியியலாளர்கள் கியர்பெட்டிக்குக் கற்றுக்கொடுத்த முதல் பதில், “தாங்கக்கூடிய மிக உயர்ந்த கியர்” என்பதாகும்.

எவ்வளவு மெதுவாகச் சுழலலாம்?

அப்படியானால் மணிக்கு 30 கிலோமீட்டரிலேயே நான்காவது கியருக்குப் போய்விடலாமே? மேலே உள்ள கணக்கின்படி அப்போது இயந்திரம் நிமிடத்திற்கு 780 சுற்றுதான் சுழலும். சிவப்பு விளக்கில் சும்மா நிற்கும்போது சுழலும் அளவு அது. இதற்கு இரண்டு தடைகள் உள்ளன.

முதலாவது, அதிர்வு. நான்கு சிலிண்டர் இயந்திரத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை எரிபொருள் வெடித்து எரிகிறது. 3,000 சுற்றில் நொடிக்கு 100 வெடிப்புகள். அவை ஒன்றோடொன்று கலந்து சீரான ஓட்டமாகிவிடும். 900 சுற்றிலோ நொடிக்கு 30 வெடிப்புகள்தான். ஒவ்வொன்றும் தனித்தனித் தட்டலாக வண்டி முழுவதும் பரவும். ஸ்டியரிங் நடுங்கும், இருக்கை குலுங்கும். மேனுவல் மகிழுந்தை மெதுவான வேகத்தில் உயர்ந்த கியரில் போட்டு மிதித்தவர்களுக்கு இந்தத் திணறல் நன்றாகவே தெரிந்திருக்கும்.

இரண்டாவது தடை, கையிருப்பு. 1,000 சுற்றில் ஓடும் இயந்திரத்தில் திடீரென மிதித்தால், கொடுப்பதற்கு அதனிடம் அதிகம் இருக்காது. முந்திச் செல்ல வேண்டிய நேரத்தில் வண்டி சோம்பிக் கிடக்கும்.

இந்த இரண்டு தடைகளையும் ஓரளவு தளர்த்தித் தருவது டார்க் கன்வெர்ட்டர் எனப்படும் முறுக்குவிசை மாற்றி. இயந்திரத்திற்கும் கியர்பெட்டிக்கும் இடையில், எண்ணெய் நிரம்பிய வட்டக் கூட்டுக்குள் எதிரெதிராக இரண்டு விசிறிகள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். இயந்திரம் ஒன்றைச் சுழற்ற, அது தள்ளும் எண்ணெய் மற்றொன்றைச் சுழற்றும். இரண்டுக்கும் இடையில் இரும்புப் பிணைப்பு இல்லை. அதனால்தான் சிவப்பு விளக்கில் டி-யில் நின்றாலும் இயந்திரம் அணைவதில்லை. பிரேக்கை விட்டதும் வண்டி தானாக ஊர்ந்து நகர்கிறது. கூட்டரசு நெடுஞ்சாலையின் மாலை நேர நெரிசலில் நம் இடது காலுக்கு ஓய்வு தருவது இந்த எண்ணெய்தான். நடுவில் உள்ள மூன்றாவது விசிறியொன்று, திரும்பி வரும் எண்ணெயை மீண்டும் உந்திவிடுவதால், புறப்படும் கணத்தில் முறுக்குவிசை ஏறக்குறைய இரு மடங்காகவும் பெருகுகிறது.

ஆனால், எண்ணெய் வழுக்கும்; வழுக்கினால் வெப்பமாக ஆற்றல் வீணாகும். எனவே வண்டி ஓரளவு வேகம் பிடித்ததும், உள்ளே உள்ள ஒரு பூட்டுக் கிளட்ச் இரண்டு விசிறிகளையும் இறுகப் பிணைத்துவிடும். அதன் பிறகு இயந்திரத்தின் தட்டல்கள் நேராகச் சக்கரத்திற்குச் செல்லும். சுழற்சி மிகவும் குறைந்தால் பூட்டு மீண்டும் விலகிக்கொள்ளும். நிலையான வேகத்தில் சென்றுகொண்டிருக்கும்போது எக்சலரேட்டரை இலேசாக அழுத்தினால், கியர் மாறாமலேயே சுழற்சிமானியின் முள் இருநூறு முந்நூறு சுற்று மேலே ஏறுவதைக் காணலாம். அது பெரும்பாலும் இந்தப் பூட்டு விலகுவதன் அடையாளம்.

கண்ணில்லாத கணக்கன்

சரி, இந்த முடிவுகளையெல்லாம் கியர்பெட்டி எதைப் பார்த்து எடுக்கிறது? அடிப்படையில் இரண்டே செய்திகள்: வண்டி எவ்வளவு வேகமாகப் போகிறது; ஓட்டுநர் எக்சலரேட்டரை எவ்வளவு அழுத்துகிறார்.

1939ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ‘ஹைட்ரா-மேட்டிக்’ என்ற தானியங்கி கியர்பெட்டியை அறிமுகப்படுத்தியது. 1940ஆம் ஆண்டுக்கான ஓல்ட்ஸ்மொபில் மகிழுந்துகளில் அது முதலில் பொருத்தப்பட்டது. பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் முழுத் தானியங்கிப் பெட்டி அதுவே. கணினியே இல்லாத அக்காலத்தில் அது எப்படிச் சிந்தித்தது? எண்ணெய் அழுத்தத்தால்தான்!

சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் எடைகள், வேகம் கூடக்கூட விரிந்து ஓர் எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டும். எக்சலரேட்டரோடு இணைந்த வால்வு, மிதிக்க மிதிக்க வேறோர் எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டும். இந்த இரண்டு அழுத்தங்களும் ஒரு சிறிய வால்வின் இரு பக்கங்களிலிருந்தும் தள்ளும். கயிறு இழுக்கும் போட்டிதான்! வேகத்தின் பக்கம் வென்றால் கியர் மேலே செல்லும். மிதியின் பக்கம் வென்றால் கியர் கீழே இறங்கும். மெதுவாக மிதித்தால் குறைந்த வேகத்திலேயே மேல் கியர் விழுவதும், ஓங்கி மிதித்தால் கியர் இறங்கி இயந்திரம் சீறுவதும் இதனால்தான்.

1980களிலிருந்து இந்தப் போட்டியின் நடுவராகக் கணினி வந்தது. எடைகளுக்குப் பதில் வேகமறியும் உணரிகள். எண்ணெய் வழிகளைத் திறந்து மூட மின் வால்வுகள். எந்த வேகத்தில், எவ்வளவு மிதித்தால், எந்தக் கியர் என்ற அட்டவணை கணினியின் நினைவில் எழுதப்பட்டிருக்கும். இயந்திரம் இன்னும் சூடாகாத காலை நேரத்தில் கியர் மேலே செல்லத் தாமதிப்பதும் அந்தக் கணினி செய்யும் வேலையே. இயந்திரமும் புகையைச் சுத்திகரிக்கும் கருவியும் விரைவில் சூடாக வேண்டும் என்பதற்காகச் சுழற்சியைச் சற்று உயர்த்தி வைத்திருக்கிறது. வண்டியில் கோளாறு என்று எண்ணிப் பயப்பட வேண்டியதில்லை.

அட்டவணையில் இன்னொரு நுட்பமும் உண்டு. எடுத்துக்காட்டாக, மெல்ல மிதிக்கும்போது மூன்றிலிருந்து நான்குக்கு ஏறுவது மணிக்கு 50 கிலோமீட்டரில் என்றால், நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்குவது 50இல் இராது, 40இல் இருக்கும். இந்த இடைவெளி இல்லாவிட்டால், 50 கிலோமீட்டரில் செல்லும் வண்டி ஏறுவதா இறங்குவதா என்று தெரியாமல் நொடிக்கு ஒரு முறை கியரை மாற்றிக்கொண்டே இருக்கும்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த இரண்டு செய்திகளிலும் சாலை இல்லை. மேடா, பள்ளமா, வளைவா, மழையா என்று கியர்பெட்டிக்கு நேரடியாகத் தெரியாது. நம் வலது காலின் வழியாகத்தான் அது உலகத்தை அறிந்துகொள்கிறது.

ஏற்றத்தில் கத்துவது ஏன்?

இப்போது அதே மகிழுந்தில் சிலரை ஏற்றிக்கொண்டு கெந்திங் மலைக்குப் போவோம். மொத்த எடை 1,200 கிலோ. நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் ஏற்றம். அதே 60 கிலோமீட்டர் வேகத்தைக் காக்க, புவியீர்ப்பை வெல்ல மட்டும் ஏறக்குறைய 20 கிலோவாட் கூடுதலாக வேண்டும். சமதரையில் தேவைப்பட்ட 4 கிலோவாட்டையும் சேர்த்தால் 24.

1.3 லிட்டர் இயந்திரம் ஒன்று 1,550 சுற்றில், மூடிதழை முழுவதும் திறந்தாலும், ஏறக்குறைய 15 கிலோவாட்தான் தரும். நான்காவது கியர் ஆகாது. மூன்றாவது கியரின் 2,200 சுற்றில் ஏறக்குறைய 24. தட்டுத்தடுமாறிச் சரியாக இருக்கும், கையிருப்பு இராது. இரண்டாவது கியரின் 3,300 சுற்றில் ஏறக்குறைய 40; தாராளம். ஆகவே கியர்பெட்டி இரண்டாவது கியரைத் தேர்ந்தெடுக்கிறது, இயந்திரம் கத்துகிறது. அத்தை பயப்படத் தேவையில்லை. அந்தச் சத்தம் கணக்கு சரியாக வந்ததன் சத்தம்.

தொல்லை வருவது இரண்டுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட சரிவுகளில்தான். இரண்டாவது கியரில் வேகம் கூடும், ஓட்டுநர் காலைச் சற்றுத் தளர்த்துவார், உடனே கியர் மூன்றுக்கு ஏறும், வேகம் குறையும், ஓட்டுநர் மீண்டும் மிதிப்பார், கியர் இரண்டுக்கு இறங்கும். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குச் செல்லும் வளைவுகளில் இந்த ஊஞ்சலாட்டத்தை அனுபவித்தவர்கள் பலர். பின்னிருக்கையில் வாந்தி வருவதற்கு வளைவுகள் மட்டும் காரணமல்ல! 1992இல் மிட்சுபிஷி நிறுவனம் தன் கேலண்ட் மகிழுந்தில் ‘இன்வெக்ஸ்’ என்ற முறையைக் கொண்டுவந்து, மங்கல் தருக்கம் எனப்படும் கணக்கீட்டின் வழி ஏற்ற இறக்கத்தை ஊகித்துக் கியரைத் தேர்ந்தெடுக்கச் செய்தது. “இவ்வளவு மிதித்தும் இவ்வளவுதான் வேகம் கூடுகிறது என்றால் இது ஏற்றமாகத்தான் இருக்க வேண்டும்” என்ற ஊகமே இத்தகைய முறைகளின் அடிப்படை. ஆனால் எல்லா மகிழுந்துகளிலும் அது ஒரே அளவு கூர்மையாக இருப்பதில்லை.

இறக்கத்தின் அமைதி

இப்போது மலையிறங்குவோம். இறக்கத்தில் ஓட்டுநர் எக்சலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறார். கியர்பெட்டிக்குக் கிடைக்கும் செய்தி என்ன? வேகம் உண்டு, மிதி இல்லை. அட்டவணையைப் பார்த்தால், சமதரையில் சொகுசாகப் போகும் வண்டிக்கும் இதே செய்திதான்! எனவே எளிய கணக்கு கொண்ட கியர்பெட்டி நல்லெண்ணத்தோடு நான்காவது கியரைப் போட்டு, இயந்திரத்தை 1,550 சுற்றில் அமைதியாக ஓடவிடுகிறது. சிக்கனத்திற்குச் சரியான விடை. இறக்கத்திற்குத் தவறான விடை.

ஏனெனில், காலை எடுத்த இயந்திரம் ஒரு பிரேக்கும்கூட. முன்பு நாம் வீண் என்று சொன்ன உராய்வும் உறிஞ்சும் சிரமமும் இப்போது வண்டியைப் பிடித்து இழுக்கும் நன்மைகளாகின்றன. இரண்டாவது கியரில் அந்தப் பிடிப்பு நான்காவது கியரில் இருப்பதைப்போல் இரு மடங்குக்கும் மேல். நான்காவது கியரில் இறங்கினால் அந்தச் சுமை முழுவதும் பிரேக் தட்டுகளின் தலையில் விழும்.

அச்சுமை எவ்வளவு? 1,200 கிலோ எடை ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கும்போது விடுபடும் ஆற்றல், அறை வெப்பத்தில் உள்ள 40 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள கெந்திங் உச்சியிலிருந்து காராக் நெடுஞ்சாலைக்கு இறங்குபவர் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்குகிறார். காற்றின் எதிர்ப்பு கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை இயந்திரம் வாங்காவிட்டால், உள்ளங்கையளவு பிரேக் கட்டைகள் வாங்க வேண்டும். அவை அளவு மீறிச் சூடானால் பிடிப்பை இழக்கும். பிரேக் எண்ணெய் கொதித்தால், மிதி பஞ்சுபோல் அமுங்கும், வண்டி நிற்காது. ‘டாட் 3’ வகை பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது விதி. ஈரத்தை உறிஞ்சிய பழைய எண்ணெய்க்கு அந்த வரம்பு 140 டிகிரிதான். ஆண்டுக்கணக்கில் பிரேக் எண்ணெயை மாற்றாமல் ஓட்டப்படும் பழைய மகிழுந்துகள் நம் வீடுகளில் எத்தனை!

மலைச்சாலைகளின் ஓரத்தில் ‘குனா கியர் ரெண்டா’, அதாவது குறைந்த கியரைப் பயன்படுத்துக என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்போம். அது கனவுந்துகளுக்கும் மேனுவல் வண்டிகளுக்கும் சொன்னது என்று பலர் எண்ணுகிறார்கள். சாலை தெரியாத கியர்பெட்டியோடு இறங்கும் நமக்கும் சேர்த்தே அது சொல்லப்பட்டிருக்கிறது. டி-க்குக் கீழே உள்ள 3, 2, எல் என்ற எழுத்துகளும், சில வண்டிகளில் உள்ள எஸ் அல்லது பி என்பதும், ஓ/டி பொத்தானும் அந்த அறிவிப்புப் பலகையின் செய்தியைக் கியர்பெட்டிக்கு மொழிபெயர்த்துச் சொல்வதற்காகவே இருக்கின்றன.

“2-இல் போட்டால் இயந்திரம் கெட்டுவிடும்” என்ற அச்சமும் தேவையற்றது. 60 கிலோமீட்டரில் 3,300 சுற்று என்பது ஏறும்போது சுழன்ற அதே சுற்றுதான். அளவுக்கு மீறிய வேகத்தில் கீழ்க் கியரைக் கேட்டால், கணினியால் இயங்கும் பெட்டிகள் பெரும்பாலும் மறுத்துவிடும்.

இதைவிட ஆபத்தான நம்பிக்கை ஒன்றுண்டு. இறக்கத்தில் என்-இல் போட்டு உருட்டினால் பெட்ரோல் மிச்சமாகும் என்பதே அது. மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் இன்றைய இயந்திரங்களில் நடப்பது நேர்மாறானது. டி-யிலோ 2-இலோ காலை எடுத்து இறங்கும்போது சக்கரங்களே இயந்திரத்தைச் சுழற்றுவதால், கணினி பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். என்-இல் போட்டாலோ, இயந்திரம் அணையாமல் இருக்கப் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும். காசும் போகும், இயந்திரத்தின் பிடிப்பும் போகும்.

கியரே இல்லாத கியர்பெட்டி

பற்சக்கரங்களுக்குப் பதிலாக, அகலம் மாறும் இரண்டு கப்பிகளும் ஒரு பட்டையும் கொண்ட சி.வி.டி. முறை இப்போது பரவி வருகிறது. 2005இல் நான்கு கியரோடு வந்த பெரோடுவா மைவி, 2021இல் ‘டி-சி.வி.டி.’க்கு மாறியது. புரோட்டோன் சாகாவோ 2016இல் சி.வி.டி.யோடு வந்து, 2019இல் மீண்டும் நான்கு கியர்த் தானியங்கிக்குத் திரும்பியது. சி.வி.டி.யில் படிகள் இல்லாததால், இயந்திரத்தை மேலும் நுட்பமாக மெதுவான சுழற்சியில் வைத்திருக்க முடிகிறது. ஆனால் கணக்கு அதேதான்: ஏற்றத்தில் சுழற்சி வேண்டும், சமதரையில் சிக்கனம் வேண்டும், இறக்கத்தில் பிடிப்பு வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

ஏற்றத்தில் கியர் ஊஞ்சலாடினால், 3-இலோ 2-இலோ போட்டு அதை ஓரிடத்தில் நிறுத்துங்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கீழ்க் கியருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வராமல், வேண்டியபோது உறுதியாக அழுத்தி விடுங்கள். கருகும் வாடை வந்தாலோ மிதி மென்மையானாலோ, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். இயந்திரத்தின் சத்தம் கூடியிருக்கிறது என்பதற்காக டி-க்குத் திரும்பிவிடாதீர்கள்.

எண்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பொறியியலாளர்கள் செதுக்கிச் செதுக்கி வளர்த்த கணக்கு நம் காலடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. நகரத்து நெரிசலிலும் நெடுஞ்சாலையிலும் அது நம்மைவிட நன்றாகவே கியரைத் தேர்ந்தெடுக்கும். ஆனால் முன்னால் வரும் இறக்கத்தைக் கண்ணால் காண்பவர்கள் நாம்தான். கண்டதைக் கியர்பெட்டிக்குச் சொல்ல வேண்டியவர்களும் நாமே. அடுத்த விடுமுறையில் குடும்பத்தோடு மலைக்குச் செல்லும்போது, ஓட்டுபவர் அப்பாவாக இருந்தாலும் அண்ணனாக இருந்தாலும், இறங்குமுன் அவரிடம் ஒரு சொல் சொல்லுங்கள்: “டி வேண்டாம், 2-இல் போடுங்கள்.”